தோற்றினோரும் தோற்றோரும்

பரீட்சைக்குத் தோற்றினான் என்றும், பரீட்சையில் தோற்றான் என்றும் நம் நாட்டுத் தமிழில் வழங்குகின்றோம். முன்னதிலுள்ள தோற்று என்பது தோன்று என்னும் வினையின் பிறவினை. தன்னைப் பரீட்சகர் முன்னே தோன்றச் செய்தான் என்பது பொருள். பின்னது தோல் என்னும் பகுதியடியாகப் பிறந்தது. பகுதியும் பொருளும் வெவ்வேறாயினும், செவிக்கு அவ்விரண்டனுக்கும் இடையேயுள்ள தொலைவு ஓர் இடைநிலைதான். இடங்கள் சிலவும் தோற்றுவோர் பலருமாகிய போட்டிப் பரீட்சைகளை நினைக்கும்பொழுது, இச்சொற்களை மொழியே அறிந்து அருகருகே வைத்ததோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது.

நிருவாக சேவைப் பரீட்சைப் பெறுபேறு வெளிவரும் நாளிற் சித்தியெய்தியோர் பெயரை ஊரறியும், பாடசாலை பாராட்டும், மாலையும் விழும். அவர்களோடு ஒரே மேசையிலிருந்து, ஒரே விளக்கொளியில், அதே குறிப்புக்களைப் படித்துச் சித்தியெய்தாதவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர்தம் படிப்பு என்னாயிற்று? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் சீனதேசத்தை நோக்குதல் நன்று. உத்தியோகத்துக்குப் போட்டிப் பரீட்சை வைத்து ஆளெடுக்கும் வழக்கத்தை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் நடத்திப் பார்த்த நாடு அது ஒன்றே.

சூய் அரசர் காலத்தில் (581–618) முளைத்து, தாங் அரசர் காலத்தில் (618–907) வளர்ந்து, சொங் அரசர் காலத்தில் (960–1279) முற்றுருவம் பெற்றது அப்பரீட்சை. மங்கோலியர் ஆட்சியிற் சிலகாலம் தடைப்பட்டு, மீண்டும் தழைத்து, 1905-ஆம் ஆண்டில் ஓர் அரச கட்டளையால் முடிவெய்தியது. குலத்தாலன்றிக் கல்வியாலேயே பதவி என்பது அதன் கொள்கை. கொள்கைக்கு விலக்குகள் இருந்தன. பெண்டிர் ஒருபோதும் தோற்ற முடியாது. கூத்தர் முதலிய சில வகுப்பாரும் விலக்கப்பட்டனர். வறியவன் பிள்ளைக்கு வாயில் திறந்திருந்ததேனும், அவ்வாயில்வரை நடந்துசெல்ல இருபதாண்டுச் சோறு வேண்டியிருந்தது. இதனையுணர்ந்த சில குலத்தார் பொதுநிலம் ஒதுக்கித் தம் குலத்துப் பிள்ளைகளைப் படிப்பித்தனர். பான் சொங்யென் என்னும் அமைச்சர் 1050-இல் சூசௌ நகரில் நிறுவிய அறநிலம் அத்தகையவற்றுக்கெல்லாம் முன்மாதிரியாயிற்று.

பரீட்சகர் நடுவுநிலை தவறாதிருக்க அவர்கள் செய்த ஏற்பாடு வியத்தற்குரியது. விடைத்தாளில் எழுதியவன் பெயர் மூடி ஒட்டப்படும். கையெழுத்தைக் கொண்டு ஆளை அறிதலுங் கூடாதென்று, கருமையால் எழுதப்பட்ட மூலவிடையை எழுத்தர் பலர் செம்மையாற் பெயர்த்தெழுதுவர். அப்பெயர்ப்பே பரீட்சகர் கைக்குச் செல்லும். இன்று நாம் சுட்டெண் இட்டு விடைத்தாள் அனுப்புகின்றோம். சீனத்தார் செய்ததில் இது பாதி.

இனி, மாணாக்கன் ஆயத்தஞ் செய்த முறையைப் பார்ப்போம்.

ஐந்து முதல் ஏழு வயதுக்குள் பிள்ளை பள்ளியில் அமர்வான். மூவெழுத்து நூல், ஆயிரவெழுத்து நூல் என்பன தொடக்கப் பாடங்கள். ஆயிரவெழுத்து நூலிலே ஆயிரம் எழுத்துக்கள் உள. ஓரெழுத்தேனும் இருமுறை வருவதில்லை. நம் பெரியோர் ஆத்திசூடியையும் பின்னர்ச் சூடாமணி நிகண்டையும் பொருளறியாப் பருவத்திலேயே நெட்டுருச் செய்வித்ததை இங்கே நினைத்துக்கொள்க. அதன்பின் கொன்பியூசியஸ் நெறியினரின் நான்கு நூல்களும் ஐந்து மறைகளும் தொடரும். இவற்றுள் மனனஞ் செய்யவேண்டிய எழுத்துக்களை எண்ணிப் பார்த்த யப்பானிய அறிஞர் மியாசாக்கி, ஏறத்தாழ நான்கு இலட்சத்து முப்பத்தோராயிரம் என்று கணக்கிட்டார். நாளொன்றுக்கு இருநூறு எழுத்தாக ஒருநாளும் தவறாது படித்தாலும் ஆறாண்டு செல்லும். உரைகளும் வரலாறுகளும் செய்யுட் பயிற்சியும் இக்கணக்கிற் சேரா.

பாடம் ஒப்பிக்கும் பிள்ளை ஆசிரியரிடம் நூலைக் கொடுத்துவிட்டு, அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று சொல்லவேண்டும். தமிழிற் புறங்காட்டல் தோற்றோர் செயல். சீனத்துப் பள்ளியிலோ அது வெற்றிக்கு முதற்படி! பொருள் விளக்கம் பின்னரே வரும். நன்னூலார் மாணாக்கர்க்கு உவமை கூறுங்கால் கிளியை இடைமாணாக்கர் வரிசையிலும், தின்றதை இருந்து அசையிடும் பசுவைத் தலைமாணாக்கர் வரிசையிலும் வைத்தார். சீன ஆசிரியர் பிள்ளையை முதலிற் கிளியாக்கிப் பின்னர்ப் பசுவாக்க எண்ணினர் எனலாம். இவ்வெண்ணம் இகழத்தக்கதன்று. உள்ளத்திலே நூல் இருந்தாலன்றி அசையிடுவதற்கு இரையேது? மனனத்தைப் பழிப்பது இக்காலத்து நாகரிகம். மனனஞ் செய்யாதவர்கள் அதற்கு ஈடாக யாது செய்கின்றனர் என்பதை மட்டும் எவரும் கேட்பதில்லை.

இங்கே ஓர் இடைச்செய்தி. இத்தாலிய தேசத்துப் பாதிரியார் மத்தேயு றிச்சி 1596-இல் நாஞ்சாங் நகரில் இருந்தபொழுது, மாகாண அதிபதியின் மைந்தர் மூவர் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருந்தனர். மேனாட்டு ஞாபகக் கலையை விளக்கிச் சீனமொழியில் ஒரு சிறுநூல் எழுதி அவர்களுக்கு அளித்தார் றிச்சி. மூத்த மைந்தன் அதனைக் கருத்தூன்றிப் படித்துவிட்டு, இம்முறை மெய்யானதே, ஆனால் இதனைக் கையாளுதற்கே மிகச் சிறந்த ஞாபகசக்தி வேண்டும் என்று சொன்னானாம். குறுக்குவழிக் கைந்நூல்களை விலைகொடுத்து வாங்கும் நம் மாணாக்கர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

கேடு வேறிடத்தில் இருந்தது. சு சீ (1130–1200) என்னும் பேருரையாசிரியரின் உரையே பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரீட்சைக்குரிய உரையாக விதிக்கப்பட்டது. உரை பல இருத்தல் நூலுக்கு உயிர். திருக்குறளுக்குப் பரிமேலழகர் ஒருவரே உரை எழுதலாம், ஏனையோர் உரைகளை எடுத்தாண்டால் புள்ளியில்லை என்று ஓர் அரசன் விதித்திருப்பின், மணக்குடவரும் பரிப்பெருமாளும் நம் கைக்கு வந்திருப்பரோ என்பது ஐயம்.

பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எட்டுக்காற் கட்டுரை என்னும் யாப்பு நிலைபெற்றது. கொடுத்த தொடரை முதலில் இரண்டு வாக்கியத்தால் உடைத்துக் காட்டல்வேண்டும். பின்னர் ஒன்றற்கொன்று சொல்லும் அளவும் ஒத்துவரும் இணைகளாற் பொருளை வளர்த்தல்வேண்டும். எழுதுவோன் தன் கருத்தைக் கூறலாகாது. முனிவர் வாயாகவே பேசல்வேண்டும். முனிவருக்குப் பிற்பட்ட செய்தி எதுவும் நுழையலாகாது. வினாக்களும் மெல்ல மெல்லத் தீர்ந்துபோயின. நான்கு நூல்களில் எடுக்கத்தக்க தொடர்களெல்லாம் எடுத்தாயிற்று. ஆகவே ஒரு வாக்கியத்தின் வாலையும் தொடர்பற்ற மற்றொரு வாக்கியத்தின் தலையையும் ஒட்டி வினாவாக்கினர் பரீட்சகர். அதற்கும் மாணாக்கர் விடை வைத்திருந்தனர்! முன் சித்தியெய்தியோரின் மாதிரிக் கட்டுரைகளைத் தொகுத்து அச்சிட்டு விற்போர் செழித்தனர். மூலநூலைத் திறவாமலே மாதிரிகளை உருப்போட்டுப் பரீட்சைக்குச் செல்வோர் பெருகினர். பதினேழாம் நூற்றாண்டுப் பேரறிஞர் கூ யென்வூ மனம் நொந்து, இக்கட்டுரையால் விளைந்த தீங்கு முன்னொருகால் அரசன் நூல்களைத் தீயிலிட்ட தீங்குக்குக் குறைந்ததன்று என்னுங் கருத்துப்பட எழுதினார். தீ நூலை எரித்தது. மாதிரிக் கட்டுரையோ நூல் இருக்கவும் அதனைப் படிப்பாரில்லாமற் செய்தது.

மாகாணப் பரீட்சை மூன்றாண்டுக்கு ஒருமுறை இலையுதிர் காலத்தில் நடைபெறும். நாஞ்சிங் நகரத்துப் பரீட்சை மண்டபத்தில் அது பெருகியிருந்த காலத்தில் 20,644 சிற்றறைகள் இருந்தன. அறைக்குக் கதவில்லை. இரண்டு பலகைகள் தரப்படும். பகலில் ஒன்று இருக்கை, ஒன்று மேசை. இரவில் இரண்டையுஞ் சேர்த்தால் படுக்கை. மாணாக்கன் தூரிகை, மைக்கல், விளக்கு, சமைக்கும் பாண்டம், உணவு, மழைக்கு மறைக்கும் திரை யாவற்றையுந் தானே சுமந்து வரவேண்டும். வாயிலிற் சோதனையுண்டு. சட்டையின் உட்புறமெல்லாம் மறைநூலைக் கடுகினுஞ் சிறிய எழுத்தில் எழுதி அணிந்து சென்றவர்களும் இருந்தனர். அத்தகைய ஆடைகள் இன்றும் காட்சிச்சாலைகளில் உள. அவற்றைப் பிடிபட்ட களவு என்று மட்டும் நோக்க எம்மால் இயலவில்லை. அத்துணை எழுத்தையும் அவ்வளவு நுணுக்கமாக எழுதியவன் எத்தனை இரவு விழித்திருப்பான்! அவ்விரவுகளிற் பாதியைப் படிப்பிற் செலவிட்டிருப்பின் சட்டை வேண்டியிராது. ஒரு கட்டம் மூன்று நாள். அவ்வாறு மூன்று கட்டம்.

இத்தனையுங் கடந்து சித்தியெய்தியோர் நூற்றுவரில் ஒருவர் என்பதே பிற்காலத்துப் பொதுநிலை. அவர்களும் அடுத்த வேனிலிற் பீஜிங் சென்று தலைநகர்ப் பரீட்சைக்குத் தோற்றவேண்டும். 1397-இல் அங்கே சித்தியெய்தியோர் அனைவரும் தென்னாட்டினராயிருக்கக் கண்ட மிங் பேரரசர் சினந்து, பரீட்சகரைத் தண்டித்து, வடநாட்டினரை மட்டுங் கொண்ட இரண்டாம் பட்டியலொன்றை வெளியிட்டார். (அக்காலத்தில் தலைநகர் நாஞ்சிங்.) 1427 முதல் தென்னாட்டுக்கு 55, வடநாட்டுக்கு 35, நடுநாட்டுக்கு 10 என்று நூற்றுவீதம் வகுக்கப்பட்டது. 1970-களில் தரப்படுத்தலையும் மாவட்டப் பங்கீட்டையுங் கண்ட நம் வாசகர்க்கு இவ்வழக்கின் இருபக்கமும் விளக்க வேண்டுவதில்லை.

எஞ்சிய தொண்ணூற்றொன்பதின்மர் எங்கே போயினர்? பெரும்பாலார் ஆசிரியராயினர். தாம் தோற்ற பரீட்சைக்கு அடுத்த தலைமுறையை ஆயத்தஞ் செய்வதே அவர்களுக்குப் பிழைப்பாயிற்று. சீனத்துக் கல்வியை ஊரூராக எடுத்துச் சென்று உயிரோடு வைத்திருந்தவர் அமைச்சரல்லர், தோற்றோரே. வரலாறு எழுதியோர் இதனைப் போகிறபோக்கிற் சொல்லிச் சென்றனர். ஆசிரியத் தொழிலில் நிற்கும் எமக்கு அங்ஙனம் செல்ல மனமில்லை.

அவர்களுள் ஒருவர் பூ சொங்லிங் (1640–1715). 1658-இல் தொடக்கப் பரீட்சையில் முதல்வராக வந்தார். அவர் பெயர் மாகாணமெங்கும் பரவிற்று. அதன்பின் மாகாணப் பரீட்சைக்கு மீண்டும் மீண்டும் தோற்றினார். மீண்டும் மீண்டும் தோற்றார். செல்வர் ஒருவர் இல்லத்தில் முப்பதாண்டளவு பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் காலங்கழித்தார். எழுபது கடந்தபின், 1711-இல், முதுமைக்கு இரங்கியதுபோல் ஒரு சிறு பட்டம் வந்தது. அவ்வாசிரியர் இரவுகளில் எழுதிச் சேர்த்த விந்தைக் கதைகள் ஏறத்தாழ ஐந்நூறு. நூல் அச்சேறியது 1766-இல். எழுதியவர் மறைந்து அரைநூற்றாண்டின் பின். அவர் காலத்தில் முதற்பரிசு பெற்றோர் பெயரை இன்று சீனத்திலும் அறிவாரில்லை.

அக்கதைகளுள் ஒன்று யே என்னும் மாணாக்கனைப் பற்றியது. எழுத்தில் அவனுக்கு நிகரில்லை. ஆயினும் பரீட்சையில் தோற்கிறான். அவன் திறமறிந்த அதிகாரி ஒருவர் ஆதரிக்கிறார், மறுபடியுந் தோற்கிறான், மனமுடைந்து நோயிற் படுக்கிறான். பதவி நீங்கி ஊர்திரும்பும் அதிகாரி அவனுக்காகக் காத்திருக்கிறார். ஒருநாள் யே எழுந்து வருகிறான், அவரோடு செல்கிறான், அவர் மகனுக்கு ஆசிரியனாகிறான். தான் பரீட்சைக்கென்று ஆயத்தஞ் செய்து வைத்திருந்த கட்டுரைகளையெல்லாம் அப்பிள்ளைக்குக் கற்பிக்கிறான். பிள்ளை மாகாணத்தில் இரண்டாமிடம் பெறுகிறான். என் எழுத்துக் குற்றமுடையதன்று என்பதை உங்கள் மகன் வாயிலாக உலகம் அறிந்தாற் போதும் என்கிறான் யே. பின்னர்த் தானும் தோற்றிச் சித்தியெய்திப் பட்டத்தோடு தன் ஊர் செல்கிறான். முற்றத்தில் அவனைக் கண்ட மனைவி கையிலிருந்ததை எறிந்துவிட்டு அஞ்சி ஓடுகிறாள். நீர் இறந்து நெடுநாளாயிற்றே, வறுமையாலும் மகன் சிறுவனாதலாலும் பெட்டியை இன்னும் அடக்கஞ் செய்யாமல் வைத்திருக்கிறோம் என்கிறாள். உள்ளே சென்று தன் பெட்டியைக் காண்கிறான். கண்டமாத்திரத்தே நிலத்தில் விழுந்து மறைகிறான். ஆடையும் தொப்பியும் காலணியும் பாம்புரித்த சட்டைபோலக் கிடக்கின்றன.

பேய்க்கதை என்று இதனைத் தள்ளுவோர் தள்ளுக. மாணாக்கன் பெறும் புள்ளியிலே தன் வாழ்க்கையின் தீர்ப்பை வாசிக்கும் ஆசிரியர் எந்த ஊரிலும் உளர். சித்தியெய்திய பிள்ளை வந்து வணங்கும்போது அவர் முகத்திற் காணும் மகிழ்ச்சியில் எத்துணைப் பங்கு பிள்ளைக்குரியது, எத்துணைப் பங்கு தமக்குரியது என்பதை அவரே அறியார். இதனைப் பூ சொங்லிங்கைப் போல் எழுதியவர் வேறொருவரை யாம் கண்டிலேம்.

வேறு வழியிற் சென்றோரும் உண்டு. மருத்துவர் மகனாகிய லி ஷிசென் (1518–1593) மாகாணப் பரீட்சையில் மூன்றுமுறை தோற்றுத் தந்தை தொழிலுக்குத் திரும்பினார். இருபத்தேழாண்டு உழைத்து 1578-இல் முடித்த அவரது மருந்து நூல் 1,892 பொருள்களை வகுத்துரைக்கிறது. இன்றும் சீன மருத்துவர்க்கு அது பேரகராதி. சொங் யிங்சிங் என்பவர் மாகாணத்தில் மூன்றாமவராகத் தேறியும், தலைநகர்ப் பரீட்சையிற் பலமுறை தோற்றார். 1637-இல் உழவும் நெசவும் உப்பும் வெல்லமும் சுரங்கமும் வார்ப்பும் பற்றிப் படங்களோடு ஒரு நூல் வெளியிட்டார். தானியத்தை முதலிலும் முத்தையும் மணியையும் இறுதியிலும் வைத்தது அந்நூலின் முறை. உத்தியோக உயர்வுக்கும் இந்நூலுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்று பாயிரத்திலேயே அறிவித்தும் விட்டார். பாயிரம் எழுதுவோர் நூலின் பயனைப் பெருக்கிக் கூறுவதே வழக்கம். இவர் ஒருவர் வாங்குவோரைத் திருப்பியனுப்பினார்!

இவ்விருவரும் படித்த படிப்பு அவர்களோடு நின்றது. எழுத்தை ஆளும் ஆற்றல், நூல்களை ஒப்புநோக்கும் பொறுமை, ஒன்றை முடிவுவரை செய்யும் உறுதி ஆகிய இவை பரீட்சகர் தந்தவையல்ல. ஆகவே அவராற் பறிக்கவும் முடியவில்லை. மாதிரிக் கட்டுரையை மட்டும் உருப்போட்டவனுக்கோ, பெறுபேறு வந்த மறுநாள் கையில் ஒன்றுமில்லை. பிள்ளைகளை ஆயத்தஞ் செய்யும் நாம் எவ்வகை ஆயத்தத்தைச் செய்கின்றோம் என்பதே இதில் எமக்குள்ள கவலை. நடப்பு விவகாரத் துணுக்குகளையும் பழைய வினாத்தாள் விடைகளையும் மட்டும் நிரப்பி அனுப்பப்பட்ட இளைஞன், இருபத்தெட்டு வயதில் தோற்று வீடு திரும்பும்பொழுது, அவற்றைக் கொண்டு என்ன செய்வான்?

தோல்வி வேறொரு வடிவும் எடுத்தது. தென்சீனத்துக் கிராமப் பள்ளி ஆசிரியர் ஹொங் சியூசுவான் (1814–1864) தொடக்கப் பரீட்சையிலேயே நான்குமுறை தோற்றவர். 1837-இல் மூன்றாந் தோல்விக்குப்பின் கடுநோயுற்றுத் தெரிசனங்கள் கண்டார். 1843-இல் நான்காந் தோல்வி. பின்னர்த் தம்மைக் கடவுளின் மைந்தரென்றும் இயேசுவின் தம்பியென்றும் நம்பிப் படை திரட்டி, 1851-இற் கிளர்ந்து, 1853-இல் நாஞ்சிங்கைக் கைப்பற்றினார். 1864-இல் அடங்கிய அப்போரிலும் பஞ்சத்திலும் மாண்டோர் இரண்டு கோடிக்குக் குறையார் என்பது பொதுவாகக் கூறப்படுங் கணக்கு. நகரைக் கைப்பற்றியபின் அவ்வரசு செய்த செயல்களுள் ஒன்று யாதெனின், தன் மறைநூல்களைப் பாடமாக்கிப் போட்டிப் பரீட்சை நடத்தியது!

அதே காலத்தில் மேற்கே இம்முறை பரவலாயிற்று. சீனத்தைக் கண்டு திரும்பிய ஆங்கிலேயர் சிலர் அதனைப் பின்பற்றுமாறு தம் நாட்டாரை வற்புறுத்தினர். 1855-இல் இந்திய சிவில் சேவைக்கு இலண்டனிற் போட்டிப் பரீட்சை தொடங்கியது. இலங்கைச் சிவில் சேவையுள் அவ்வாறான திறந்த பரீட்சையால் 1875-இற் புகுந்த முதல் இலங்கையர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். 1963 மே முதலாந் திகதி அச்சேவை நீங்கி நிருவாக சேவை வந்தது, பரீட்சை நீங்கவில்லை.

சீனத்தில் நீங்கிற்று. 1905 செப்டெம்பரில் வந்த கட்டளையைச் சான்சி மாகாணத்துக் கிராமமொன்றில் ஓர் ஆசிரியர் கேள்வியுற்றார். லியூ தாபெங் (1857–1942) என்பது அவர் பெயர். 1894-இல் மாகாணப் பரீட்சையிற் சித்தியெய்தி, தலைநகரில் மூன்றுமுறை தோற்று, வணிகர் ஒருவர் இல்லத்திற் பாடஞ் சொல்லி வாழ்ந்தவர். தம் உள்ளம் சாம்பலாயிற்றென்று நாட்குறிப்பில் எழுதினார். கற்பித்தலன்றி வேறு பிழைப்பறியாத தம்போன்றோர் இனி யாது செய்வர் என்றும் எழுதினார். சில ஆண்டுகளில் அவரது ஆசிரியத் தொழிலும் போயிற்று. நிலக்கரிச் சுரங்கத்தை மேற்பார்த்தார். வயலில் இறங்கி உழைத்தார். நாட்குறிப்பை மட்டும் 1942-இல் இறக்கும்வரை விடவில்லை. தம் ஊருக்கு அண்மையிலுள்ள சின்சி ஆலயத்தின் வரலாற்றையும், அதன் ஊற்றிலிருந்து வயல்களுக்கு நீர் பங்கிட்ட முறைகளையும், வாய்க்கால் வழக்குகளையும் அவர் தொகுத்து வைத்தார். அப்பகுதியின் பழைய நீர்ப்பாசனத்தை ஆராய்வோர் இன்றும் அந்நூலையே நாடுகின்றனர்.